இடைவெளி இல்லையேல் இயக்கம் இல்லை

ஓர் இயந்திரத்தின் உறுப்புகள் எல்லாம் ஒன்றோடொன்று இறுகப் பொருந்தியிருந்தால் அது நன்றாக ஓடுமா? 'ஓடும்' என்றே பலரும் விடை கூறுவர். ஆடாமல் அசையாமல் இருப்பதுதானே நல்ல பொருத்தம்! மேசைக்கும் நாற்காலிக்கும் இது சரி. ஓடுகின்ற இயந்திரத்துக்கு இது சரியன்று. இயந்திரத்தில் சில இடங்களில் எஃகு இருக்க வேண்டும். சில இடங்களில் எண்ணெய் இருக்க வேண்டும். இன்னும் சில இடங்களில் ஒன்றுமே இருக்கக் கூடாது. அந்த 'ஒன்றுமில்லாத' இடம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதையும் அளந்துதான் வைக்க வேண்டும்.

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்வதில் விருப்பமுள்ளவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் தங்கள் வண்டியைத் தாமே கவனித்துக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டு வாசலில் கோணிப்பையை விரித்து, ஸ்பேனர்களையும் பனியன் வேஸ்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அமர்ந்துவிடுவார்கள். அவர்கள் செய்யும் வேலையைக் கூர்ந்து பாருங்கள். உடைந்ததை மாற்றும் வேலை அதில் கொஞ்சம்தான். பெரும்பாலான நேரம் அவர்கள் இடைவெளிகளைத்தான் அளந்துகொண்டிருக்கிறார்கள். பிளக்கில் ஓர் இடைவெளி, டேப்பட்டில் ஓர் இடைவெளி, செயினில் ஒரு தொய்வு, பிரேக்கில் ஒரு தளர்வு! இவை ஏன் தேவை? கூடினால் என்ன ஆகும்? குறைந்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டு வண்டி

பழைய 'புல்லட்' வண்டியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இங்கிலாந்திலுள்ள ரெட்டிச் என்ற ஊரில் உருவான வண்டி இது. இதை நம் நாட்டில் செய்வதற்காக 1955-ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தொடங்கப்பட்டது. சென்னையின் வட எல்லையிலுள்ள திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளை இங்கே பூட்டினார்கள். பின்னர் உறுப்புகளையும் இங்கேயே செய்யத் தொடங்கினார்கள். வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட அந்தப் பழைய எஞ்சின் 2010-ஐ ஒட்டிய ஆண்டுகள் வரை பெரிய மாற்றமின்றி வெளிவந்தது. அத்தகைய வண்டிகள் பல இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நமக்கு இந்த எஞ்சின் ஏன் வசதியானது? இதில் ஒரே ஒரு சிலிண்டர்தான் உண்டு. முக்கியமான இடைவெளிகளை எஞ்சினைப் பிரிக்காமலேயே எட்டிப் பார்க்கலாம். சிலிண்டரின் உள் விட்டம் 70 மி.மீ.; அதனுள் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மி.மீ. வட்டத்தின் பரப்பை உயரத்தால் பெருக்கினால் கன அளவு கிடைக்கும் என்று படித்திருப்பீர்கள். 3.14 × 3.5 × 3.5 × 9 = 346 கன செ.மீ. வண்டியின் பெயரோடு வரும் '350' என்ற எண் இதையே முழு எண்ணாக்கிக் குறிப்பிடுகிறது.

பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை உள்ளே வருவது, அது அழுத்தப்படுவது, எரிந்து பிஸ்டனைத் தள்ளுவது, புகை வெளியேறுவது என்று நான்கு வீச்சுகளில் இந்த எஞ்சின் இயங்குகிறது. நான்கு வீச்சுகளுக்கு எஞ்சின் அச்சு இரண்டு முறை சுற்றும். ஆகவே இரண்டு சுற்றுக்கு ஒரு முறை மின்பொறி வேண்டும். நிமிடத்துக்கு 3,000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 1,500 பொறிகள். அதாவது வினாடிக்கு 25 பொறிகள்! இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெறுமையை அளக்கும் கருவி

இடைவெளியை அளக்க 'பீலர் கேஜ்' என்ற கருவி உதவுகிறது. பேனாக்கத்தியைப் போல ஒரு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும் மெல்லிய எஃகுத் தகடுகளே இந்தக் கருவி. ஒவ்வொரு தகட்டின் மீதும் அதன் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும்: 0.05 மி.மீ., 0.10 மி.மீ., 0.15 மி.மீ. என்று வரிசையாகப் போகும். தகட்டை இடைவெளிக்குள் விட்டு இழுத்துப் பார்ப்பார்கள். இலேசான பிடிப்புடன் வந்தால் இடைவெளியும் தகட்டின் தடிமனும் ஒன்று. தடையே இல்லாமல் வந்தால் இடைவெளி பெரிது. நுழையவே மறுத்தால் சிறிது.

மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்பது எவ்வளவு? வீட்டிலேயே அறியலாம். நல்ல எழுது தாள்கள் 100 எடுத்து ஒழுங்காக அடுக்கி, மேலே ஒரு கனமான புத்தகத்தை வைத்து அழுத்தி, அடுக்கின் உயரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 10 மி.மீ. இருக்கும். ஆகவே ஒரு தாளின் தடிமன் சுமார் 0.1 மி.மீ. உங்கள் நோட்டுப் புத்தகத்தின் ஒரு தாள்! ஓர் எஞ்சினின் நலம் இந்த அளவிலான வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

பொறி தாண்டும் இடைவெளி

ஸ்பார்க் பிளக்கின் நுனியில் இரண்டு மின்முனைகள் உள்ளன. ஒன்று நடுவில் இருக்கிறது. மற்றொன்று பக்கத்திலிருந்து வளைந்து அதன் எதிரே நிற்கிறது. இரண்டுக்கும் இடையே பழைய புல்லட்டில் சுமார் 0.5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும்.

காற்று மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மின்னழுத்தம் மிகவும் உயரும்போதுதான் அது தன் தடையை இழந்து பொறிக்கு வழிவிடும். சாதாரணக் காற்றில் 1 மி.மீ. தூரத்தைத் தாண்டச் சுமார் 3,000 வோல்ட் தேவை. மிகக் குறுகிய இடைவெளிகளில் இந்த விகிதம் இன்னும் சற்றுக் கூடும். காற்று நெருக்கமாக அழுத்தப்பட்டால் தேவைப்படும் மின்னழுத்தம் பெரிதும் உயர்கிறது. 1889-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் பாஷென் இதை ஆராய்ந்து ஒரு விதியாகத் தந்தார். வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியையும் பெருக்கி வரும் தொகையைப் பொறுத்தே பொறிக்கான மின்னழுத்தம் அமைகிறது என்பது அந்த விதியின் சாரம்.

சிலிண்டருக்குள் கலவை தன் கன அளவில் ஆறு, ஏழில் ஒரு பங்காகச் சுருக்கப்பட்ட நிலையில்தான் பொறி தாண்ட வேண்டும். ஆகவே வெளியே ஓரிரு ஆயிரம் வோல்ட்டில் தாண்டிய பொறிக்கு உள்ளே 10,000 வோல்ட் அளவுக்குக்கூடத் தேவைப்படலாம். வீட்டில் பழுது பார்ப்பவர்களைக் குழப்பும் ஒரு புதிருக்கு இதுவே விடை. பிளக்கைக் கழற்றி எஞ்சின் மீது வைத்து உதைத்தால் பொறி தெரிகிறது. மாட்டிய பிறகு வண்டி கிளம்ப மறுக்கிறது! வெளியே இருப்பது தளர்ந்த காற்று. உள்ளே இருப்பது நெருங்கிய காற்று. வெளியே கிடைத்த தேர்ச்சி உள்ளே செல்லாது.

இடைவெளி மிகக் குறைந்தால் பொறி எளிதில் தாண்டும். ஆனால் அந்தப் பொறி மிகவும் குட்டையானது. கலவையைத் தொடும் இடம் போதாமல் தீ சரியாகப் பற்றாது. கரித் துகள் ஒன்று நடுவில் அடைத்துக்கொண்டால் பொறியே வராது. இடைவெளி கூடினால் மின்னழுத்தம் போதாமல் சில பொறிகள் தவறிப்போகும். ஒவ்வொரு பொறியும் மின்முனையிலிருந்து மிகச் சிறிதளவு உலோகத்தை அரித்துவிடுகிறது. வினாடிக்கு 25 பொறி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 90,000 பொறிகள்! எனவே யாரும் தொடாவிட்டாலும் இந்த இடைவெளி தானாகவே வளரும். கம்பித் தூரிகையால் கரியைத் துடைத்து, வளைந்த முனையை மெதுவாகத் தட்டி, தகட்டை விட்டு அளந்து பழைய அளவுக்குக் கொண்டுவருவது இதற்காகவே. முனை மிகவும் தேய்ந்து மழுங்கியிருந்தால் பிளக்கையே மாற்றிவிட வேண்டும். கூரிய விளிம்பிலிருந்து பொறி கிளம்புவதுபோல் மழுங்கிய விளிம்பிலிருந்து எளிதில் கிளம்பாது.

திறந்து மூடும் இடைவெளி

பேட்டரி தருவதோ 6 அல்லது 12 வோல்ட். அது எப்படி ஆயிரக்கணக்கான வோல்ட் ஆகிறது? 1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டல்தான் இங்கே வேலை செய்கிறது. இரும்பு உள்ளகத்தின் மீது இரண்டு கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டுள்ளன. ஒன்றில் சுற்றுகள் குறைவு. மற்றொன்றில் பல்லாயிரம் சுற்றுகள். முதற் சுருளில் ஓடும் மின்னோட்டத்தைத் திடீரென்று நிறுத்தினால் அதன் காந்தப் புலம் சட்டென்று குலைகிறது. அந்த நொடியில் இரண்டாம் சுருளில் உயர்ந்த மின்னழுத்தம் பிறக்கிறது.

மின்னோட்டத்தைச் சரியான நேரத்தில் நிறுத்தும் கதவே 'பாயிண்ட்'. இரண்டு சிறிய உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும். சுழலும் கேம் ஒன்று இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அவற்றைப் பிரிக்கும். முழுவதும் பிரிந்த நிலையில் அவற்றிடையே 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும் என்பது பழைய புல்லட்டின் அளவு.

இந்த இடைவெளி கூடினால் பாயிண்ட் சற்று முன்னதாகவே திறந்துவிடும். பொறியும் முன்னதாகவே வரும். மேலும், மூடியிருக்கும் நேரம் குறைவதால் சுருளில் காந்தப் புலம் நன்கு வளர்வதற்குள் கதவு திறந்துவிடும். வேகமாக ஓடும்போது பொறி வலுவிழக்கும். இடைவெளி குறைந்தால் பொறி தாமதமாகும். பொட்டுகளுக்கு இடையிலேயே தீப்பொறி பறந்து அவை கருகும். கேமைத் தொட்டு உராயும் சிறு கட்டை நாளடைவில் தேய்வதால் இந்த இடைவெளி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே போகும். பிளக்கின் இடைவெளி தானாக வளர்கிறது; பாயிண்டின் இடைவெளி தானாகச் சுருங்குகிறது! இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பது வண்டிப் பிரியர்களின் வழக்கம்.

பாயிண்ட் எந்தக் கணத்தில் திறக்கிறது என்று கண்ணால் காண முடியாது. இதற்கு ஓர் எளிய வழி உண்டு. பட்டம் செய்யும் மெல்லிய தாளின் ஒரு சிறு துண்டைப் பொட்டுகளுக்கிடையே வைத்து இலேசாக இழுத்துக்கொண்டே எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்றுவார்கள். தாள் விடுபட்டு வரும் கணமே பாயிண்ட் திறக்கும் கணம்.

வெப்பத்துக்கு விட்ட இடம்

எஞ்சினின் வாசற் கதவுகள் வால்வுகள். கலவை உள்ளே வர ஒன்று, புகை வெளியே போக ஒன்று. கேம், தள்ளு கம்பி, ராக்கர் கை ஆகியவை சேர்ந்து வால்வைத் திறக்கின்றன. சுருள்வில் அதை மூடுகிறது. இந்தத் தொடரில் விட்டுவைக்கப்படும் சிறு தளர்வையே 'டேப்பட் இடைவெளி' என்கிறோம்.

உலோகம் சூடானால் விரியும். 100 மி.மீ. நீளமுள்ள எஃகுத் தண்டின் வெப்பநிலை 300 டிகிரி சென்டிகிரேடு உயர்ந்தால் அது எவ்வளவு நீளும்? எஃகின் விரிவுக் குணகம் ஏறத்தாழ 0.000012. ஆகவே 100 × 0.000012 × 300 = 0.36 மி.மீ. எஞ்சின் சூடாகும்போது வால்வின் தண்டு நீள்கிறது. அதைத் தாங்கும் தலைப்பகுதியும் சிலிண்டரும் தாமும் விரிகின்றன. எல்லாம் ஒரே அளவில் விரிவதில்லை. எஃகைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் இடம் கொடுக்கத்தான் இடைவெளி. சிறிய எஞ்சின்கள் பலவற்றில் இது 0.05 முதல் 0.15 மி.மீ. வரை இருக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் உரிய அளவை அதன் கையேடு கூறும்.

பழைய புல்லட்டில் தகடு கொண்டு அளப்பதில்லை. சிலிண்டரின் வலப்பக்க அடியிலுள்ள சிறு மூடியைத் திறந்து, இரு வால்வுகளும் மூடியிருக்கும் நிலைக்கு எஞ்சினைக் கொண்டுவந்து, தள்ளு கம்பியை விரலால் சுழற்றிப் பார்ப்பார்கள். கம்பி தடையின்றிச் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆடக் கூடாது. சூடேறும்போது சிலிண்டரும் உயர்ந்து ராக்கர் கையை மேலே தூக்குவதால் குளிர்ந்த நிலையில் இந்த அளவே போதுமானது. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்த பிறகே இதைச் செய்ய வேண்டும் என்ற விதியின் காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். சூட்டில் அளந்தால் அளக்கப்படுவது வேறோர் இடைவெளி!

இந்த இடைவெளி கூடினால் 'டக் டக்' என்று ஓசை கேட்கும்; வால்வு திறக்கும் நேரமும் உயரமும் குறையும். ஓசை கேட்பதால் நாம் விழித்துக்கொள்கிறோம். இடைவெளி குறைந்தால்தான் ஆபத்து, ஏனென்றால் அப்போது ஓசையே கேட்காது. புகை வால்வின் தலை 700 டிகிரிக்கும் மேல் சூடாகும் உறுப்பு. மூடியிருக்கும்போது தன் இருக்கையோடு ஒட்டி நின்று, அதன் வழியாகத்தான் தன் வெப்பத்தின் பெரும்பகுதியை வெளியேற்றுகிறது. இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுவதும் மூடாது. வெப்பம் போக வழியின்றி, விளிம்பில் நெருப்பு வாயு பீறிட்டு, வால்வு கருகிப் பள்ளம் விழும். அமைதியாக ஓடும் எஞ்சினைக் கண்டு மகிழ்பவர்கள் அந்த அமைதிக்குக் காரணம் என்ன என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தொய்வு ஏன்?

பின்சக்கரத்தைச் சுழற்றும் செயினைப் பாருங்கள். சைக்கிள் செயினைப் போன்றதுதான். தடிமன் மட்டும் அதிகம். இது விறைப்பாக இருந்தால் நல்லது என்று தோன்றும். ஆனால் கீழ்ப்பகுதியின் நடுவில் விரலால் தூக்கினால் 25 முதல் 30 மி.மீ. வரை மேலும் கீழும் ஆட வேண்டும். ஏன்?

பள்ளத்தில் ஏறி இறங்கும்போது பின்சக்கரம் ஒரு கீலைப் பற்றிக்கொண்டு மேலும் கீழும் செல்கிறது. அந்தக் கீல் ஓரிடத்தில். செயினை இழுக்கும் முன் பற்சக்கரம் அதற்குச் சற்று முன்னே வேறோர் இடத்தில். ஆகவே சக்கரம் ஏறி இறங்கும்போது இரு பற்சக்கரங்களுக்கிடையிலுள்ள தூரம் மாறுகிறது. முன் பற்சக்கரம், கீல், பின்சக்கர அச்சு ஆகிய மூன்றும் ஒரே நேர்கோட்டில் வரும்போது தூரம் மிக அதிகம். அந்தக் கணத்திலும் செயின் விறைத்துவிடக் கூடாது. விறைத்தால் செயினும் பேரிங்கும் பெரும் இழுவையைத் தாங்க நேரிடும். செயின் அறுந்தும் போகலாம். தொய்வு அதிகமானாலோ, செயின் பல் தாண்டிக் கழன்று பின்சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். ஓடும் வண்டியில் இது உயிருக்கு ஆபத்து.

'செயின் நீண்டுவிட்டது' என்பார்கள். உண்மையில் அதன் எஃகுத் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளின் ஊசிகளும் அவற்றைச் சுற்றியுள்ள குழல்களும் தேய்கின்றன. ஒவ்வொரு கண்ணியிலும் 0.1 மி.மீ. தேய்ந்தால் 100 கண்ணி கொண்ட செயின் 10 மி.மீ. நீளும். ஒரு தாளின் தடிமன் நூறு முறை சேர்ந்து ஒரு விரல் அகலத்தை எட்டுகிறது! தேய்மானம் எல்லாக் கண்ணிகளிலும் ஒரே அளவாக இராது. ஆகவே எஞ்சினை நிறுத்தி, வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சிறிது சிறிதாகச் சுற்றிப் பல இடங்களில் பார்க்க வேண்டும். மிகவும் இறுக்கமான இடத்தையே அளவுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

பழைய புல்லட்டில் நத்தை வடிவமுள்ள இரண்டு கேம்கள் பின் அச்சின் இருபுறமும் உள்ளன. இரண்டையும் ஒரே எண்ணிக்கைப் பள்ளத்தில் வைத்தால்தான் சக்கரம் கோணாமல் நேராக நிற்கும்.

கைக்கும் காலுக்கும் விட்ட தளர்வு

டிரம் பிரேக்கில் கட்டைகள் டிரம்மைத் தொடாமல் மிகச் சிறு இடைவெளியில் நிற்கின்றன. அந்த இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு பின்னம்தான். நெம்புகோல் தத்துவத்தால் அதுவே கால் மிதியில் 20, 25 மி.மீ. தளர்வாகத் தெரிகிறது.

தளர்வே இல்லையென்றால் கட்டைகள் எப்போதும் உராய்ந்துகொண்டிருக்கும். பெட்ரோல் வீணாகும், டிரம் கொதிக்கும். தளர்வு மிகுந்தால் மிதி முழுவதும் கீழே போன பிறகும் பிரேக் பிடிக்காது. வண்டியும் ஆளும் சேர்ந்து 240 கிலோகிராம் என்றும், வேகம் மணிக்கு 54 கி.மீ., அதாவது வினாடிக்கு 15 மீட்டர் என்றும் கொள்வோம். இயக்க ஆற்றல் ½ × 240 × 15 × 15 = 27,000 ஜூல். வண்டியை நிறுத்தும்போது இது வெப்பமாக மாறுகிறது. இவ்வளவு வெப்பமும் ஒரு கிலோகிராம் இரும்புக்குள் சென்றால் அதன் வெப்பநிலை சுமார் 60 டிகிரி உயரும். ஒரு முறை நிறுத்தினால் 60 டிகிரி! 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலையில் இறங்கும்போது என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். டிரம் சூடாகி விரிந்து கட்டைகளிலிருந்து விலகும்; மிதி வழக்கத்தைவிடக் கீழே போகும்; உராய்வும் குறையும். அதனால்தான் மலையிறக்கத்தில் குறைந்த கியரில் எஞ்சினின் தடையையும் துணையாகக் கொண்டு இறங்குகிறார்கள்.

செயினை இறுக்கும்போது பின்சக்கரம் பின்னே நகர்கிறது அல்லவா? அப்போது சக்கரத்தோடு பிரேக்கும் நகர்ந்து, அதன் கம்பி இழுபட்டு, மிதியின் தளர்வு குறைந்துவிடும். ஓர் இடைவெளியைத் திருத்தினால் மற்றோர் இடைவெளி மாறுகிறது! செயினைப் பார்த்தபின் பிரேக்கைப் பார்க்காமல் எழுந்துவிடக் கூடாது என்பது இதனால்தான். கிளட்ச் கைப்பிடியிலும் சிறு தளர்வு வேண்டும். இல்லையென்றால் கிளட்ச் தகடுகள் முழு அழுத்தத்தில் சேராமல் நழுவித் தேய்ந்துபோகும்.

இன்றைய வண்டிகள்

இன்று வரும் வண்டிகளில் பாயிண்ட் இல்லை. மின்னணுச் சுற்று அந்த வேலையைத் தேய்மானமின்றிச் செய்கிறது. புல்லட்டின் பழைய எஞ்சினுக்குப் பின் வந்த எஞ்சினில் எண்ணெய் அழுத்தத்தால் தானே சரிசெய்துகொள்ளும் டேப்பட் பொருத்தப்பட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் பாரத் ஸ்டேஜ் 6 என்ற மாசுக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் புதிய வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைப் பீய்ச்சும் அமைப்பு உள்ளது. இவற்றைத் தக்க கருவியும் பயிற்சியும் இன்றி வீட்டில் திறக்கக் கூடாது. ஆயினும் செயின் தேய்கிறது, பிளக் அரிக்கப்படுகிறது, பிரேக் கட்டை மெலிகிறது. இவற்றை இன்றும் மனிதர்தான் கவனிக்க வேண்டும்.

எச்சரிக்கையாகச் சில

எஞ்சின் ஓடும்போது செயினைத் துடைப்பதோ எண்ணெய் இடுவதோ கூடவே கூடாது. துணியோடு விரலையும் பற்சக்கரம் இழுத்துவிடும். விரலை இழந்தவர்கள் உண்டு. பிளக்கைச் சோதிக்கும்போது பெட்ரோல் ஆவி வரும் துளைக்கு அருகில் பொறி விடக் கூடாது. பழைய பிரேக் கட்டைகளில் கல்நார் கலந்திருந்தது. ஆகையால் பிரேக் தூசியை வாயால் ஊதாமல் ஈரத் துணியால் துடைக்க வேண்டும். பிரேக்கைத் திருத்திய பின் தெருவில் மெதுவாக ஓட்டிச் சோதித்த பிறகே சாலைக்குச் செல்ல வேண்டும்.

கியர் உள்ள மோட்டார் சைக்கிளை ஓட்ட உங்களுக்கு 18 வயது நிறைந்து உரிமமும் கிடைக்க வேண்டும். அளப்பதற்கு உரிமம் வேண்டாம்! வீட்டில் அப்பாவோ அண்ணனோ அக்காவோ வண்டியைக் கவனிக்கும்போது உடன் அமருங்கள். ஒரு நோட்டில் நாள், வண்டி ஓடிய கிலோமீட்டர், பிளக் இடைவெளி, செயின் தொய்வு, பிரேக் தளர்வு ஆகியவற்றை எழுதி வாருங்கள். நான்கைந்து முறை எழுதிய பின் அந்த எண்களை வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். எந்த இடைவெளி வளர்கிறது, எது சுருங்குகிறது, எவ்வளவு விரைவில் என்பது தெரியும். அடுத்து எப்போது கவனிக்க வேண்டும் என்பதையும் அந்தக் கோடே சொல்லும். வண்டி நடுவழியில் நின்ற பிறகு காரணம் தேடுவதைவிட, நிற்பதற்கு முன்பே அறிந்துகொள்வது நல்லதல்லவா?